துண்டு போட்ட இடம்

சாந்தாமணிக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். அன்று காலை பச்சைநாயகியின் வீட்டு வாசலில் செருப்பை விடும்போதே கண்ணாடி கையில்தான் இருந்தது.

உடுமலைப்பேட்டையில் பச்சைநாயகியைத் தேடி வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். முன்பு நூல் மில்லில் வேலை பார்த்தவர், நாற்பது வயதைத் தாண்டியிருப்பார். உபதேசம் என்று பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்பார். முடிந்த பிறகு ஏதாவது சொன்னாலும் சொல்வார், சும்மா இருந்தாலும் இருப்பார். அப்படிக் கேட்க ஒரு ஆள் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது தன் வீட்டில் நாலு வார்த்தை பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சாந்தாமணி அவருடைய சிஷ்யை. குருவைவிட வயதில் மூத்த சிஷ்யை. இவர் அவரை 'அம்மா' என்பார், அவர் இவரை 'அக்கா' என்பார். அதில் இருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை.

தொலைபேசி நிலையத்தில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக லைன் போட்டுக் கொடுத்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர் சாந்தாமணி. அதனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவர் தலையில் வந்து சேர்ந்தது. கூட்டம் நடப்பது செல்போன் திரையில். வெளியூர்க்காரர்கள் வீட்டிலிருந்தபடியே பச்சைநாயகியிடம் பேசலாம். ஆனால் ஒன்பது பேருக்குத்தான் இடம். அதற்கு மேல் போனால் தன்னால் காது கொடுத்துக் கேட்க முடியாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். வேண்டுமென்பவர்கள் சாந்தாமணிக்கு எழுதிக் கேட்க வேண்டும். அவர் அழைப்பு லிங்க் அனுப்புவார். அனுப்பிவிட்டால் அந்த மாதம் முழுக்க அந்த இடம் அவர்களுடையது.

"உள்ள வாங்க்கா. டீ போடட்டுமா?"

"டீயெல்லாம் வேண்டாமுங்கம்மா. எனக்கு ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வேணும் வேணும்னு கெஞ்சி வாங்கீட்டு, அப்பறம் எட்டிக்கூடப் பாக்காத சனத்தை என்னங்க பண்றது?"

பச்சைநாயகி தலையை முடிந்துகொண்டே பாயைக் காட்டினார். சாந்தாமணி உட்காரவில்லை.

"கேக்கறப்ப எப்பிடிக் கேக்கறாங்க தெரியுங்களா? கும்புடற கைப் படத்தை வரிசையா அடுக்கி அனுப்பறாங்க. மேடம் எனக்கு ஒண்ணே ஒண்ணு, மேடம் என்னை மறந்துடாதீங்க. ஒருத்தர் அழைப்பு கெடைக்கற வரைக்கும் தெனமும் குட்மார்னிங் போட்டாரு. கெடச்ச அன்னைக்கோட அதுவும் நின்னு போச்சு. இன்னொரு அம்மா அழைப்பு கெடச்சிருச்சுன்னு ஸ்டேட்டஸ் வேற வெச்சாங்க. எல்லாரும் வாழ்த்துச் சொல்லியிருக்கறாங்க. வெள்ளிக்கிழமை வந்தா ஆளைக் காணோம்."

"ம்."

"நீங்க நேரத்துக்கு வந்து திரைக்கு முன்னால உக்காந்திருக்கீங்க. ரெண்டு மூணு மூஞ்சிதான் தெரியுது. மிச்ச எடமெல்லாம் காலி. அவங்க அந்த லிங்கைத் தொறந்தே பாக்கலீங்கம்மா."

கோபம் நியாயமானதுதான். வேண்டாமென்றால் கேட்காமல் இருந்திருக்கலாம். யாரும் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி வாருங்கள் என்று கூப்பிடவில்லை. கேட்டு வாங்கியதைக் கிணற்றில் போட்ட கல்லாக ஆக்கிவிட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"ஏன் வரலைன்னு கேட்டுப் பாத்தீங்களாக்கா?"

"கேக்காம விடுவனா? ஒருத்தர் வீட்டுக்கு ஊர்ல இருந்து ஒறம்பரை வந்துட்டாங்களாம். ஒருத்தருக்கு மறந்தே போச்சாம். குட்மார்னிங்காரர் என்ன சொல்றாரு தெரியுங்களா? இந்த மாசம் வேலை சாஸ்தி மேடம், அடுத்த மாசத்துக்கும் என் பேரைப் போட்டு வெச்சுக்கோங்கங்கறாரு."

பச்சைநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கம்மா. எனக்கு அழுகை வருது. பல்லடத்துல தெய்வானைன்னு ஒரு பொண்ணு. தறிக் குடோனுக்கு வேலைக்குப் போகுது. புருசன் தவறிட்டாரு. மறுபடியும் கட்டிக் குடுக்கறதுக்கு வீட்டுல மாப்பிள்ளை பாத்துட்டாங்க, தையில கல்யாணம். அதுக்குச் சம்மதமா இல்லையான்னு அந்தப் பொண்ணுக்கே தெரியலையாம். வீட்டுல பேச்செடுத்தா ஆளாளுக்குப் புத்தி சொல்றாங்களாம். ஆராவது ஒருத்தர் சும்மா கேட்டாப் போதும், சொல்லச் சொல்ல எனக்கே தெரிஞ்சிரும்னு எழுதியிருக்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எடமில்லைன்னு சொன்னனுங்க. வேறென்ன சொல்றது? ஒன்பதும் குடுத்தாச்சு. மறுபடியும் கேட்டா. மறுபடியும் இல்லைன்னேன். நேத்து ராத்திரி எழுதியிருக்கறா, சரிங்க்கா, இனிமே தொந்தரவு பண்ணலீங்கன்னு."

சாந்தாமணி கண்ணாடியைச் சேலை முந்தானையில் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அதனால ஒரு அறிவிப்பு எழுதி வெச்சிருக்கறேன். வாங்கீட்டு வராதவங்க அத்தனை பேரோட பேரையும் போட்டு, இனி எந்தக் காலத்துக்கும் இவங்களுக்கு எடமில்லைன்னு. குரூப்ல எல்லாரும் பாக்கட்டும். நாலு பேரு முன்னால தலை குனிஞ்சாத்தான் புத்தி வரும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே போட்டர்றேன்."

பச்சைநாயகி பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"எங்க சித்தி பழனி ஆஸ்பத்திரில இருக்கறாங்க. பாக்கறதுக்குக் கெளம்பீட்டிருந்தேன். கூட வாங்க்கா, பஸ்ல பேசிக்கலாம்."

அன்று கிருத்திகை என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. பழனி பஸ் உள்ளே திரும்பியதும் கூட்டம் அதன் கூடவே ஓடியது. வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டும் கைக்குட்டையும் மஞ்சள் பையும் உள்ளே பறந்தன. ஒருவர் குடையை எறிந்தார். இதற்கெல்லாம் சட்டம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஒருவர் போட்ட துண்டை இன்னொருவர் எடுத்து நகர்த்திவிட்டு உட்கார்ந்தால் பஸ் கிளம்பாது, பஞ்சாயத்துதான் நடக்கும்.

இடித்துப் பிடித்து ஏறியதில் இருவருக்கும் இடம் கிடைத்தது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் பச்சைநாயகி நடுவில், சாந்தாமணி வழியோரத்தில். ஜன்னலோரத்தில் நீலக்கட்டம் போட்ட ஒரு துண்டு கிடந்தது.

காலேஜ் பை மாட்டிய ஒரு பெண் வந்து நின்றாள். "அக்கா, ஜன்னலோரம் ஆளிருக்குதுங்களா?"

"துண்டு கெடக்குதே, பாக்கலியா? ஆள் வருது."

அவள் பின்னால் நகர்ந்தாள். அடுத்து ஒரு அம்மாள், இரண்டு கையிலும் பூக்கூடை.

"ஆள் வருதுங்க," என்றார் சாந்தாமணி.

கண்டக்டர் வந்தார். இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அங்க ஆருங்க?"

"ஆள் வருதுங்க. துண்டு போட்டிருக்கறாங்க."

"துண்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சுங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாந்தாமணி சிரிக்கவில்லை. ஒருவர் நம்பிக்கையோடு போட்டுவிட்டுப் போன இடம். வந்து பார்க்கும்போது இல்லையென்றால் அது என்ன நாணயம்?

அந்த நேரத்தில்தான் ஒரு பெண் ஏறினாள். ஆறு வயதுப் பெண் குழந்தை தோளில் சாய்ந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. மெலிந்த உடம்பு அவளுக்கு. ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் கம்பியைத் தேடினாள்.

"அக்கா, அந்த எடம்..."

"ஆள் வருது அம்மணி," என்றார் சாந்தாமணி. இந்தத் தடவை குரல் உள்ளே போயிருந்தது.

விசில் ஊதி வண்டி கிளம்பிவிட்டது. துண்டுக்குச் சொந்தக்காரர் வரவில்லை. சாந்தாமணி கழுத்தை நீட்டிப் பின்படிக்கட்டைப் பார்த்தார். டீக்கடையில் நின்றிருப்பார், ஓடி வந்து ஏறுவார் என்று பார்த்தார். ரயில்வே கேட் வந்தது, ஊர் தாண்டியது. ஒருவரும் ஓடி வரவில்லை. வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் குழந்தையின் தலை தோளிலிருந்து நழுவியது. அவள் கம்பியை விடவும் முடியாமல் தலையைப் பிடிக்கவும் முடியாமல் முழங்கையால் முட்டுக்கொடுத்தாள்.

கண்ணாடி மறுபடி சாந்தாமணியின் கைக்கு வந்துவிட்டது.

"பாருங்கம்மா. நல்லாப் பாருங்க. இதைத்தான் நான் காலைல இருந்து சொல்லீட்டிருக்கறேன். போடத் தெரியுது, வரத் தெரியலை. கொழந்தையை வெச்சுட்டு ஒரு பொம்பளை நிக்கறா. அந்த மனுசன் எங்கயோ போய்க் காத்து வாங்கீட்டிருப்பான். நெஞ்சுல ஈரம் இருக்குதுங்களா இவனுகளுக்கெல்லாம்?"

"அந்தத் துண்டு ஆருதுங்க்கா?"

"தெரியலீங்க."

"எந்த ஊரு போறவரு?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்?"

பச்சைநாயகி துண்டை எடுத்தார். உதறினார். நாலாக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.

"வாங்க கண்ணு, உக்காருங்க."

அந்தப் பெண் சாந்தாமணியின் முகத்தைப் பார்த்தாள். சாந்தாமணி காலை ஒதுக்கி வழிவிட்டார். அவள் நடுவில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தினாள். அதன் கால் சாந்தாமணியின் மேல் வந்து விழுந்தது. வேர்த்துப்போய் ஈரமாக இருந்தது அந்தக் கால்.

கொஞ்ச தூரம் போயிற்று. சாந்தாமணிக்கு நிலைகொள்ளவில்லை.

"அம்மா, அந்த ஆள் வந்து கேட்டா?"

"துண்டைக் குடுத்தர்லாம்."

"அதுக்கில்லீங்க. நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஒருத்தருக்கு லைன் குடுத்துட்டேன்னா, அவங்க பேசினாலும் சரி, சும்மா வெச்சிருந்தாலும் சரி, நானாப் புடுங்கினதே கெடையாது. குடுத்தது குடுத்ததுதான். அது ஒரு வாக்கு மாதிரி. அந்தப் பேரு எனக்கு ஆபீஸ்ல இருந்துது."

"அந்த நேரத்துல லைன் வேணும்னு வேற ஒருத்தர் கேட்டா?"

"காத்துட்டிருக்கச் சொல்லுவேன்."

"இருந்தாங்களா?"

"சில பேரு இருப்பாங்க. சில பேரு வெச்சுட்டுப் போயிருவாங்க."

பச்சைநாயகி வெளியே பார்க்கத் தொடங்கினார். தென்னந்தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன.

மடத்துக்குளம் வரும்போது முன்பக்கத்திலிருந்து ஒருவர் கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு பின்னால் வந்தார். வெள்ளை வேட்டி, தடித்த மீசை. இறங்குகிறவர்கள் எல்லாம் ஒரு பக்கம் நகர, இவர் எதிர்ப்பக்கம் நீந்தினார். இவர்கள் சீட்டுக்கு நேரே வந்து நின்றவருக்கு முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, இது நான் துண்டு போட்ட எடமுங்க."

குழந்தையின் தாய் பதறி எழப் பார்த்தாள். சாந்தாமணி அவள் தொடையில் கை வைத்து அமர்த்தினார்.

"எங்கீங்க போயிருந்தீங்க இவ்வளவு நேரம்?"

"முன்னாலதான் இருந்தேன். டிரைவருக்குப் பக்கத்துல நல்ல எடமாக் கெடச்சுது, உக்காந்துட்டேன்."

"அப்பறம் இந்த எடம் எதுக்கு?"

"எதுக்குன்னா? போட்டது நானுங்க. ஒரு வார்த்தை கேக்காம எப்பிடி ஆளை உக்கார வெக்கலாம்?"

"சரி, இப்ப உக்கார்றீங்களா?"

"நான் மடத்துக்குளத்துல எறங்கறேன்."

சாந்தாமணி எழுந்து நின்றுவிட்டார். இதற்கு மேல் பொறுக்க அவர் பச்சைநாயகி இல்லை.

"உக்காரவும் மாட்டீங்க, உக்கார்றவங்களையும் விட மாட்டீங்க. உங்களுக்கு அங்க சொகமா எடம் கெடச்சதும் இங்க வந்து ஒரு வார்த்தை, எனக்கு வேண்டாம், ஆராவது உக்காந்துக்கோங்கன்னு சொல்றதுக்கு வாய் வலிக்குதா? கொழந்தையோட இந்தப் பொண்ணு நின்னுட்டே வந்திருக்கறா. அதைக் கேக்கத் தோணலை. ஒரு மொழத் துண்டுக்கு நாயம் பேச வந்துட்டீங்க. கெரகம்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மீசைக்காரர் கொஞ்சம் பின்வாங்கினார். பச்சைநாயகி மடியிலிருந்த துண்டை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் வாங்கி, மடிப்பைப் பிரித்து, ஏதாவது கறை பட்டிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"காலம் கெட்டுப்போச்சு," என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். யார் சொல்ல வேண்டிய வார்த்தையை யார் சொல்லிவிட்டுப் போகிறார் பாருங்கள்.

சாந்தாமணி உட்கார்ந்தார். பையைத் துழாவிப் போனை எடுத்தார். யார் இடத்தையாவது எடுத்துத் தெய்வானைக்குக் கொடுத்துவிடுவது என்று அந்தக் கோபத்திலேயே முடிவு செய்துவிட்டார்.

மறுமுனையில் தறிகள் ஓடும் இரைச்சல்.

"தெய்வானை, நான் உடுமலை சாந்தாமணி பேசறேன். வர்ற வெள்ளிக்கிழமை உனக்கு எடம் இருக்குது கண்ணு. இப்பவே லிங்க் அனுப்பறேன்."

இரைச்சல் மெதுவாகத் தள்ளிப் போனது. வெளியே நடந்து வந்திருக்க வேண்டும்.

"வேண்டாமுங்க்கா. நேத்துச் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுல வந்து பூ வெச்சுட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்பறந்தான் உங்களுக்கு எழுதினேன்."

"நீ சரின்னு சொன்னயா?"

"கேட்டாங்க. எல்லாரும் என்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்தாங்க. தலையாட்டிட்டேன்."

"உனக்குச் சம்மதமா?"

"தெரியலீங்க்கா. இனித் தெரிஞ்சு என்ன பண்றது?"

சாந்தாமணி போனைக் காதில் வைத்தபடியே பச்சைநாயகியைத் திரும்பிப் பார்த்தார். பச்சைநாயகி குழந்தைக்கு மேலாகக் கையை நீட்டினார். சாந்தாமணி போனை அந்தக் கையில் வைத்தார்.

"நான் பச்சைநாயகி பேசறேன். சொல்லுங்க கண்ணு. எனக்கு அவசரம் ஒண்ணுமில்லை."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டார். நடுநடுவே ஒரு 'ம்' மட்டும் வந்தது. ஹாரன் சத்தம், அரோகரா சத்தம், பூக்கூடை அம்மாள் யாரோடோ போட்ட சண்டை, எல்லாம் நடந்தன. பழனி மலை தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து நின்றது. குழந்தையின் தாய் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு இறங்கினாள். வண்டி காலியாகிவிட்டது. கண்டக்டர் வந்து, எறங்கலீங்களாம்மா என்றார். பச்சைநாயகி கையை உயர்த்திக் காட்டினார். அவர் எதை நினைத்தாரோ, பேசாமல் போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டார்.

வெகுநேரம் கழித்துப் பச்சைநாயகி வாய் திறந்தார்.

"இப்ப எங்கிட்டச் சொன்னீங்கல்ல, அதை அப்பிடியே உங்க அம்மாகிட்டச் சொல்லுங்க. தைக்கு இன்னும் நாள் கெடக்குது."

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னங்கம்மா சொன்னா? சம்மதமாமா?"

"அதை அவங்க வீட்டுல மொதல்ல சொல்லட்டும். அழுதுட்டேதான் சொன்னாங்க. ஆனாத் தெளிவாச் சொன்னாங்க."

இருவரும் இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. காவடிக்காரர்கள் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். சாந்தாமணிக்கு அடங்கிய கோபம் மறுபடி பொங்கிக்கொண்டு வந்தது. இப்போது பஸ்ஸில் கேட்டதுபோல் நேற்றைக்கு முன்பே கேட்க அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் அவள் அத்தனை பேர் நடுவில் பொம்மை மாதிரித் தலையாட்டியிருக்க மாட்டாள்.

"இனி நீங்க சொன்னாலும் நான் கேக்கறதா இல்லீங்கம்மா. அந்த அறிவிப்பை இன்னைக்கே போடறேன். ஒரு பொண்ணோட வாழ்க்கை அந்தரத்துல தொங்குது. காலியா இருந்த எடத்துக்கு அவளை வர விடாம, திரும்பத் திரும்ப இல்லை இல்லைன்னு வாசல்லயே நிக்க வெச்சாங்களே. இது அவங்க பண்ணின பாவம். அவங்கதான் பதில் சொல்லணும்."

பச்சைநாயகி நின்றார். முதன்முறையாக அன்று அவர் சாந்தாமணியின் கண்ணை நேராகப் பார்த்தார்.

"அவங்க துண்டு போட்டாங்க்கா. ஆள் வருதுன்னு சொன்னது ஆரு?"